சும்மா போன நிமிஷங்கள்

அன்று இருட்டறையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது புரொபசர். ஸ்ரீவராகத்துக்காரர், தலைப்பாகையும் கோட்டும், ஐம்பது தாண்டியவர். இரண்டாவது லெக்சரர். மலையாளி, முப்பது வயதுக்குள், ஓயாமல் வெற்றிலை போடுகிறவர். மூன்றாவது நான். காலேஜில் மூன்று மாதத்துக்கு மட்டும் எடுத்த அட்டெண்டர். நான்காவது ரேடியம். ஓர் ஊசியின் முனையில் ஒட்டியிருந்தது. இருக்கிறது என்று சொன்னால்தான் தெரியும். அன்றைக்கு வாய் திறக்க வேண்டியது அதுதான். அதனால் அதையும் ஆளாகச் சேர்த்தேன்.

என் வேலை நிலைக்குமா, போகுமா என்பது அன்று முடிவாக வேண்டும்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. நாலாம் வகுப்பு. காலேஜுக்கு வரும் முன் பன்னிரண்டு வருஷம் ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு வெற்றிலை மண்டியில் எண்ணிக் கட்டுகிற வேலை. எங்கள் மண்டியில் கவுளிக்கு நூறு இலை. பின்பக்கம் குடோன், ஜன்னல் கிடையாது. ஈரச் சாக்கு போட்டு மூடியிருக்கும். அங்கே கண்ணுக்கு வேலை இல்லை, விரலுக்குத்தான். லெக்சரர் வெற்றிலை வாங்க வருவார். ஒரு நாள் குடோன் வாசலில் நின்று நான் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருட்டில எண்ணுதீங்களே, அண்ணாச்சி. தப்பாதா?"

"தப்பினா முதலாளி சும்மா விடுவாரா?"

"எத்தனை நேரம் இப்படி உட்காருவீங்க?"

"காலையில உட்கார்ந்தா உச்சிக்கு எழும்புவேன்."

அவர் ஒரு கவுளியை வாங்கி அங்கேயே எண்ணிப் பார்த்தார். நூறு இருந்தது. அடுத்த மாதம் மண்டியை மூடினார்கள். லெக்சரர் காலேஜ் வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

வேலை இதுதான். விரல் நீளத்தில் ஒரு பித்தளைக் குழல். ஒரு முனையில் பூதக்கண்ணாடி, மறு முனையில் பூச்சுப் பூசிய தகடு. தகட்டுக்கு எதிரே ரேடியம் ஊசி. ரேடியத்தில் ஓர் அணு உடைந்தால் ஒரு துணுக்கு வெளியே பாயும். அது தகட்டில் பட்ட இடத்தில் ஒரு பொட்டு வெளிச்சம். கண் சிமிட்டுகிற நேரம்கூட நிற்காது. இருட்டில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து கண் பழகினால்தான் தெரியும். பழகின பிறகு குழலில் கண்ணை வைத்து, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை பொட்டு என்று எண்ண வேண்டும். நிமிஷத்துக்கு ஒரு தரம் மணி தட்டுகிற கடிகாரம் ஒன்று இருந்தது. லெக்சரர் ஊசியைத் தள்ளி வைத்து, எண்ணுகிற அளவுக்குக் குறைத்திருந்தார். முதலில் காலேஜ் பையன்களை உட்கார வைத்துப் பார்த்தாராம். பத்து நிமிஷத்தில் தூங்கிவிடுகிறார்கள், இல்லாவிட்டால் பேசுகிறார்கள்.

முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். மணி தட்டியது. ஒரு நிமிஷம் பார்த்தேன். மறுபடி மணி.

"எத்தனை?"

"லாபம்."

"என்னது?"

"ஒண்ணு சார்."

எங்கள் பக்கம் அளக்கும்போதும் எண்ணும்போதும் ஒன்று என்று தொடங்குவதில்லை. லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். அவர் சிரித்தார். "ரேடியத்துக்கு லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல. ஒண்ணுன்னே சொல்லுங்க" என்றார்.

இரண்டாம் நிமிஷம் ஐந்து. மூன்றாவது மூன்று. பிறகு ஏழு. பிறகு இரண்டு. எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அதே ஊசி, அதே தகடு. ஏன் ஒரே மாதிரி விழவில்லை?

"அடுத்த நிமிஷம் எத்தனை விழும் சார்?"

"தெரியாது."

"உங்களுக்குமா?"

"எனக்கு மட்டும் இல்ல. யாருக்கும் தெரியாது. ஜெர்மனியில இந்தக் கணக்கைப் போட்டவனுக்கும் தெரியாது."

அதைச் சந்தோஷமாகச் சொன்னார். தெரியாது என்று சொல்லி ஒரு படித்த ஆள் சந்தோஷப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

புரொபசருக்கு இது பிடிக்காது. இரண்டு பேரும் வராந்தாவில் நின்று பேசுவார்கள். மேஜை துடைக்கிற சாக்கில் கேட்டுக்கொண்டிருப்பேன். அணு எப்போது உடையும் என்பதற்குக் காரணம் உண்டு, நமக்கு எட்டவில்லை, அவ்வளவுதான் என்பார் புரொபசர். எட்டாதது இல்லை, காரணமே கிடையாது, புதுக் கணக்கு அப்படித்தான் சொல்கிறது என்பார் லெக்சரர்.

"காரணம் இல்லாம காரியம் நடக்கும்னா, ஓய், நீர் இன்னிக்கு லேட்டா வந்ததுக்கும் காரணம் இல்லேன்னு எழுதிடலாமே."

"அதுக்குக் காரணம் உண்டு சார். கோட்டைக்கிட்ட சைக்கிள் பஞ்சர்."

"பாத்தீரா. பஞ்சருக்குக் காரணம் உண்டு. பரமாணுவுக்குக் கிடையாது. பெரிய மனுஷாளுக்குத்தான் அந்தச் சலுகை போலிருக்கு."

இதைத் தீர்க்கத்தான், பொட்டு விழுவதில் ஒரு சீர் இருக்கிறதா என்று பார்க்க, நூறு நிமிஷம் எண்ணச் சொன்னார்கள். லெக்சரருக்கு வகுப்பு இருந்தது. நான் தனியாகத்தான் எண்ணினேன். மடியில் சிலேட்டு. ஒவ்வொரு பொட்டுக்கும் ஒரு கோடு, மணி தட்டினால் அடுத்த வரி. இருபத்தைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வெளியே வந்து நோட்டில் எழுதிவிட்டு, சிலேட்டைத் துடைத்துவிட்டு, கண் பழக மறுபடி இருட்டில் உட்கார வேண்டும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. நடுவில் ஒரு நிமிஷம் ஒன்றும் விழவில்லை. மணிக்கும் மணிக்கும் நடுவே வெறும் இருட்டு. சிலேட்டில் ஒரு வரி காலி.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கடையில் சரக்கு தீர்ந்துவிட்டால் தீர்ந்தது என்று சொல்ல மாட்டோம். 'நிறைஞ்சிருக்கு' என்போம். வீட்டிலும் அப்படித்தான். அரிசிப் பானை காலியானால் என் மனைவி "அரிசி நிறைஞ்சிருக்கு" என்பாள். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். புரொபசர் இருக்கிற ஸ்ரீவராகத்து வீடுகளிலும் இதே வழக்கம் உண்டு என்று கேள்வி. கணக்கு நோட்டில் சுழி, அதாவது பூஜ்யம், போட்டு ஒரு வரியை விடுவது மண்டியில் நடக்காத காரியம்.

என்னால் சுழி போட முடியவில்லை. கை போகவில்லை. கவுளியில் ஓர் இலை குறைந்தால் அடுத்த அடுக்கிலிருந்து எடுத்து வைப்போம். மொத்தம் மாறாது. அதைத்தான் செய்தேன். பக்கத்து நிமிஷத்தில் ஏழு இருந்தது. அதில் ஒன்றை எடுத்து இங்கே வைத்தேன். ஏழு ஆறாயிற்று. காலி ஒன்றாயிற்று. இன்னும் சில தரம் அப்படி வந்தது. அப்படியே செய்தேன். அந்தச் சூட்டில், ஒன்பது, பத்து என்று துருத்திக்கொண்டிருந்ததையும் கொஞ்சம் தட்டிச் சமமாக்கினேன். மொத்தம் முந்நூற்றுப் பதினேழு. அதில் ஒரு பொட்டுகூட நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தப்பு செய்கிறேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நோட்டு பார்க்க அழகாக இருந்தது.

புரொபசர் அதைப் பார்த்துவிட்டு முதுகில் தட்டிக்கொடுக்காத குறை.

"பாத்தீரா ஓய், எவ்வளவு சீரா வந்திருக்கு. ஒரு நிமிஷமாவது சும்மா போச்சா? நியமம் இல்லாம இந்தச் சீர் வருமா? உள்ளே என்னமோ ஒண்ணு இருந்துண்டு பாத்துப் பாத்து அனுப்பறது." என் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, நல்ல கண்ணு உனக்கு. உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதறேன்" என்றார். அன்று மத்தியானமே கடிதம் எழுதினார். டைப் அடித்து வந்தது. கையெழுத்துப் போடவில்லை. மேஜை டிராயரில் வைத்தார்.

லெக்சரர் நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போனார். மறுநாள் என்னைத் தேடி ஸ்டோர் ரூமுக்கு வந்தார். கதவைச் சாத்தினார். வாயில் வெற்றிலை இல்லை.

"அண்ணாச்சி, நூறு நிமிஷத்தில ஒண்ணுகூடச் சும்மா போகலையா?"

"நிறைஞ்ச நிமிஷம் இருந்துது சார்."

"நிறைஞ்சதா? எத்தனை விழுந்தது அதுல?"

"ஒண்ணும் விழல."

நான் அரிசிப் பானையைச் சொன்னேன். கவுளியைச் சொன்னேன். ஏழை ஆறாக்கியதைச் சொன்னேன். அவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

"அந்த மாதிரி நிமிஷம் எத்தனை இருந்ததுன்னு நான் சொல்லட்டா?"

"நீங்க அங்க இல்லையே சார்."

"இல்ல. மொத்தத்தை வச்சுக் கணக்கு சொல்லுது. நாலு இருந்திருக்கணும். முன்னப்பின்ன ஒண்ணு ரெண்டு."

நாலுதான். எந்த எந்த வரி என்றுகூட எனக்கு ஞாபகம் இருந்தது. சிலேட்டைத் துடைத்துவிட்டேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. நான் மூடி வைத்ததை, பார்க்காத ஆள் எண்ணிச் சொல்கிறார். அடுத்த நிமிஷம் எத்தனை விழும் என்று கேட்டால் தெரியாது என்கிறார். நூறில் எத்தனை சும்மா போகும் என்றால் சொல்கிறார். இது எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை. இன்று வரை அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"புரொபசர்கிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றார் லெக்சரர். "உங்க கடுதாசி டிராயர்ல இருக்கு. ஆனா இந்த நோட்டை வச்சு நான் ஒரு வரிகூட எழுத முடியாது. அவ்வளவுதான்."

வீட்டில் சொன்னேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சுழி போட்டா கை வெந்தா போயிரும்? போட்டிருக்க வேண்டியதுதானே."

"நீ பானையைப் பார்த்து அப்படிச் சொல்லுவியா?"

"அது மகாலட்சுமி. இது என்னத்த பொட்டு." கொஞ்சம் கழித்து, "சரி, அது எதுக்காக்கும் மின்னுது?" என்று கேட்டாள்.

"காரணம் இல்லையாம்."

"பல்லி சத்தம் போட்டாலே பலன் உண்டு. காரணம் இல்லாம ஒண்ணு மின்னுமா? யாரு சொன்னா?"

"லெக்சரர் சொல்லுதாரு."

"பெரியவரு என்ன சொல்லுதாரு?"

"காரணம் உண்டுங்கிறாரு."

"அப்ப பெரியவரு சொல்லுததுதான் சரி. கடுதாசியும் அவரு கையிலதானே இருக்கு. வாயைத் திறக்காம இருங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் பெரியவர் சரி என்று நினைத்ததே நான் இலை மாற்றி வைத்ததால்தான். அது எனக்கு உறுத்தியது. இன்னொன்றும் உண்டு. மறுபடி எண்ணினாலும் நாலு வருமா என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. உள்ளதைச் சொன்னால், அதுதான் பெரிய காரணம்.

காலையில் போய்ச் சொன்னேன். புரொபசர் எழுதிக்கொண்டிருந்தார். பேனாவை மூடி வைத்தார்.

"சாமி, அந்த நோட்டு சரியில்ல. நாலு நிமிஷம் ஒண்ணும் விழல. நான் பக்கத்துலேர்ந்து எடுத்துப் போட்டேன்."

"ஏன்?"

"சுழி எழுத வரல."

புரொபசர் டிராயரை இழுத்தார். கடிதத்தை எடுத்துப் பார்த்தார். கிழிப்பார் என்று நின்றேன். கிழிக்கவில்லை. கவிழ்த்து வைத்து அதன்மேல் மைக்கூட்டை வைத்தார்.

"நாளைக்கு நான் வரேன். என் முன்னால எண்ணு. நீ சுழிங்கறது சுழிதானான்னு நான் பாக்கறேன். அப்பறம் சொல்றேன் இதுக்கு."

அந்த நாளைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

காலை ஒன்பது மணி. வெளியே நல்ல வெயில். கதவைச் சாத்தி, இடுக்கில் கறுப்புத் துணி திணித்தோம். லெக்சரர் திரைக்கு அந்தப் பக்கம் சிவப்பு விளக்கோடு உட்கார்ந்தார், எழுதுவதற்கு. அந்த வெளிச்சம் கண்ணைக் கெடுக்காது. அவர் முந்தின நாளே ஒரு தாளில் என்ன வரும் என்று கணக்குப் போட்டு மடித்துப் புரொபசரிடம் கொடுத்திருந்தார். அது புரொபசர் கோட்டுப் பையில் இருந்தது. நான் குழலின் முன்னால். புரொபசர் என் பக்கத்து ஸ்டூலில். ஒவ்வொரு பொட்டுக்கும் நான் பலகையில் விரலால் தட்ட வேண்டும், அவர் காதில் விழ.

கண் பழக அரை மணி. இருட்டில் முகம் தெரியாததால் எல்லாருக்கும் பேச்சு வந்தது.

"ஏம்ப்பா, நீ என்ன நினைக்கறே?" என்றார் புரொபசர். "காரணம் உண்டா, கிடையாதா?"

"நான் என்னத்தச் சொல்ல, சாமி. மண்டியில யாரு எப்ப வருவான்னு தெரியாது. ஆனா பொழுது சாயுதப்போ எத்தனை கவுளி போகும்னு தெரியும்."

"அதைச் சொல்லு. ஆனா வரவன் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு காரணம் இருக்கு. ஒருத்தர் ஆத்துல கல்யாணம். ஒருத்தர் ஆத்துல சாவு."

திரைக்குப் பின்னாலிருந்து லெக்சரர் குரல் வந்தது. "இங்க வர்றவங்களுக்கு வீடே இல்ல சார். கல்யாணமும் இல்ல, சாவும் இல்ல. ஒரு அணுவுக்கும் இன்னொண்ணுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. ஒண்ணு இப்ப உடையுது. இன்னொண்ணு ஆயிரம் வருஷம் இருக்குது."

"எல்லாம் ஒரே மாதிரின்னா, எது இப்ப, எது அப்பறம்னு யாரு சொல்றா?"

"யாரும் சொல்லல சார்."

"யாரும் சொல்லாம எப்படி ஓய் நடக்கும்?"

"அதான் கேள்வி. விடை எனக்குத் தெரியாது. கணக்கு மட்டும் தெரியும்."

புரொபசர் மூக்குப்பொடி டப்பாவைத் தட்டும் சத்தம் கேட்டது. "கணக்கு சமத்தா இருக்கு. அர்த்தம் மட்டும் இல்லே" என்றார். கேலியாகத் தொடங்கினார். முடிக்கும்போது கேலி இல்லை.

மணி தட்டியது. தொடங்கினேன்.

மூன்று. ஐந்து. இரண்டு. நான்கு. ஒன்று. ஒன்று என்றே சொன்னேன். பதினாறு வரை ஒழுங்காகப் போனது. பதினேழாம் நிமிஷம் ஒன்றும் விழவில்லை.

குழலுக்குள் கறுப்பு. என் விரல் பலகைமேல் தூக்கினபடி நின்றது. பக்கத்தில் புரொபசர் மூச்சு விடுவது கேட்டது. ஒரு நிமிஷம் அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒரு தட்டுத் தட்டினால் போதும், ஒருத்தருக்கும் தெரியாது. புரொபசருக்குச் சந்தோஷம், கடிதத்துக்குக் கையெழுத்து. மணி தட்டியது.

"சுழி" என்றேன்.

"தூங்கிட்டியா?"

"இல்ல சாமி."

"கண்ணைச் சிமிட்டினியா?"

"சிமிட்டினேன். நிமிஷம் பூரா சிமிட்டல."

திரைக்குப் பின்னால் பென்சில் ஓடுகிற சத்தம்.

அதற்குப் பிறகு எனக்கு நாக்கு பழகிவிட்டது. முப்பத்தொன்றில் இன்னொரு சுழி வந்தது. அடுத்து உடனே, முப்பத்திரண்டிலும். இரண்டு நிமிஷம் சேர்ந்தாற்போல் வெறும் இருட்டு. புரொபசர் ஸ்டூலை நகர்த்தினார், எழுந்து போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. அதற்கு அடுத்த நிமிஷம் எட்டு. முந்தினதுக்கெல்லாம் சேர்த்துக் கொட்டின மாதிரி இருந்தது. அப்படி இல்லை என்று லெக்சரர் பிறகு சொன்னார். அது முந்தினதை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லையாம்.

நூறு முடிந்தபோது என் கழுத்து திரும்பவில்லை. லெக்சரர் சிவப்பு விளக்கை மேஜையில் வைத்துக் கூட்டினார். மொத்தம் முந்நூற்று முப்பத்தொன்று. சும்மா போன நிமிஷம் ஆறு. புரொபசர் கோட்டுப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்து விளக்கருகே பிடித்தார். வாசிக்க நேரமாயிற்று. அவர் கண்ணில் புரை தொடங்கியிருந்தது, ஆனால் ஆபரேஷனுக்குப் போகாமல் தள்ளிக்கொண்டிருந்தார். ஒன்று விழுந்த நிமிஷம், இரண்டு விழுந்த நிமிஷம் என்று விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெரும்பாலும் தாளில் இருந்ததற்குப் பக்கத்தில் பக்கத்தில் வந்திருந்தது.

"நாலுன்னு சொன்னீங்களே சார், ஆறு வந்திருக்கே" என்று நான் லெக்சரரைக் கேட்டேன். எனக்குப் பயம்.

"ரெண்டும் வரும், ஆறும் வரும். ஒவ்வொரு தடவையும் நாலே வந்தா, அப்பத்தான் நான் உங்களைச் சந்தேகப்படுவேன், அண்ணாச்சி."

புரொபசர் சிரிக்கவில்லை. தாளை மடித்தார்.

"நகரு" என்றார் என்னிடம். "நான் ஒரு நிமிஷம் பாக்கறேன்."

ஸ்டூலைக் கொடுத்தேன். தலைப்பாகையைக் கழற்றி என் கையில் தந்தார். மூக்குக்கண்ணாடியையும் தந்தார். குனிந்து குழலில் கண்ணை வைத்தார். லெக்சரர் விளக்கைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"எத்தனை வரும்னு நினைக்கிறீங்க, சாமி?" என்றேன்.

"மூணு."

மணி தட்டியது. தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தட்டுவதற்காக விரலைப் பலகைமேல் வைத்திருந்தார். ஒரு சத்தமும் வரவில்லை. வெளியே வராந்தாவில் யாரோ செருப்புத் தேய நடந்து போனார்கள். மணி தட்டியது.

அவர் கண்ணை எடுக்கவில்லை. விழவில்லையா, விழுந்து அவர் கண்ணுக்குத் தெரியவில்லையா, எனக்குத் தெரியாது. குழலில் ஒரே ஒரு கண்தான் வைக்க முடியும். அந்த நிமிஷத்தை வேறு யாரும் பார்க்கவில்லை. லெக்சரர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எழுந்து வந்து விளக்கடியில் நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைக் கேட்டார். லெக்சரர் பென்சிலை நீட்டினார். வேண்டாம் என்று தன் பேனாவை எடுத்தார். எழுதும் முன் கை கொஞ்சம் நின்றது. அது ஏன் என்று அந்த அறையில் எனக்குத்தான் தெரியும்.

பிறகு தன் அறைக்குப் போய் மைக்கூட்டை நகர்த்தி, கடிதத்தைத் திருப்பி, அதே பேனாவால் கையெழுத்துப் போட்டார். நான் அங்கே இருபத்தாறு வருஷம் இருந்தேன்.

அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். நூறு வரி லெக்சரர் பென்சிலில். நூற்றியோராவது வரி புரொபசர் மையில்.

சுழி.